சென்னைக்கு வெளியே கடலில் தனி நாடு அமைக்க முடியுமா?

திருவான்மியூரில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டிவிட்டால் இந்தியச் சட்டம் செல்லாதாமே? நாங்கள் எட்டுப் பேர். எல்லோருக்கும் லேப்டாப் இருந்தால் போதும் என்கிற வேலை. பழைய பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) ஒன்றை வாங்கி, சென்னைக்கு நேர் கிழக்கே நிறுத்தி, சோலார் போட்டு, சொந்தமாகச் சட்டம் எழுதி ஒரு சின்ன நாடாக அறிவித்தால் என்ன? எவ்வளவு செலவாகும்?"

கடலில் நிற்கிற சாமான்களோடு இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். மிதவை, பார்ஜ், கடலடிக் குழாய், நங்கூரச் சங்கிலி, இதெல்லாம்தான் என் பிழைப்பு. தண்ணீர் மேல் குடியிருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இன்றுவரை போகவில்லை. அதனால் இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் பதில் எழுதுகிறேன். மிதக்கும் ஊர் முடியும். தனி நாடு முடியாது. நாடு என்று அறிவிக்கப் போனால் ஊரும் கையை விட்டுப் போய்விடும்.

முதலில் அந்த 12 மைல் கணக்கு. 12 கடல் மைல் என்றால் 22 கிலோமீட்டர் சொச்சம். அதுவரை உள்ளது இந்தியாவின் கடல் எல்லை, அதாவது நிலத்தைப் போலவே நாட்டின் பகுதி. அதற்கு அப்பால் 24 மைல் வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றில் அரசுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதையும் தாண்டி, கரையிலிருந்து 200 மைல் வரை, ஏறக்குறைய 370 கிலோமீட்டர், பிரத்தியேகப் பொருளாதார மண்டலம். இங்கே கப்பல்கள் தாராளமாகப் போய்வரலாம். உங்களைப் போன்றவர்கள் இந்தத் தாராளத்தைப் பார்த்துத்தான் "சட்டம் செல்லாது" என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 1976-ல் நாடாளுமன்றம் இயற்றிய கடல் மண்டலச் சட்டம், இந்த 200 மைலுக்குள் மத்திய அரசின் உரிமம் இல்லாமல் செயற்கைத் தீவோ வேறு எந்தக் கட்டுமானமோ அமைக்கவும் பராமரிக்கவும் இயக்கவும் கூடாது என்று சொல்கிறது. எந்த நோக்கத்துக்காக என்ற கேள்வியே இல்லை. மீன் பிடிக்காமல், எண்ணெய் தோண்டாமல், சும்மா உட்கார்ந்து லேப்டாப்பில் புரோகிராம் எழுதினாலும் அதே விதிதான். மீறினால் 3 ஆண்டு வரை சிறை.

இது இந்தியாவின் தனிப் பிடிவாதமும் அல்ல. 1982-ல் உருவாகி 1994-ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 60-வது பிரிவு அந்த உரிமையை எல்லாக் கரையோர நாடுகளுக்கும் தருகிறது. செயற்கைத் தீவுக்குத் தீவு என்ற அந்தஸ்தே கிடையாது, அதைச் சுற்றிக் கடல் எல்லை என்று எதுவும் வரையக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதிகபட்சம் 500 மீட்டருக்குப் பாதுகாப்பு வளையம் போடலாம். அதையும் போடுவது நீங்கள் அல்ல, கரையோர நாடு.

சரி, 200 மைலையும் தாண்டிப் போனால்? சென்னையிலிருந்து நேர் கிழக்கே அந்தமான் வரை 1,300 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் 370, அந்தமான் பக்கம் 370 கழித்தால் நடுவில் 600 கிலோமீட்டர் அளவுக்குச் சர்வதேசக் கடல் மிஞ்சும். ஆழம் சுமார் 3,000 மீட்டர். அங்கே எந்த நாடும் இறையாண்மை கொண்டாட முடியாது என்கிறது அதே ஐ.நா. ஒப்பந்தத்தின் 89-வது பிரிவு. யாருடையதும் இல்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை தம்பி. ஏரிப் புறம்போக்கு மாதிரி, யாரும் பட்டா கேட்க முடியாத இடம் அது. மிதக்கும் பார்ஜைக் கப்பல் என்று சொல்லிக்கொண்டால் அதற்கு ஒரு நாட்டின் கொடி வேண்டும். பனாமா கொடி ஏற்றினால் தளத்தில் நடப்பது பனாமா சட்டம். நீங்களே தைத்த கொடியை ஏற்றினால் நாடற்ற கப்பல். அதில் எந்த நாட்டின் போர்க்கப்பலும் ஏறிச் சோதனை போடலாம்.

இத்தனைக்கும் உங்கள் பாஸ்போர்ட் இந்தியாவுடையது. இந்தியக் குடிமகன் உலகில் எங்கே இருந்து குற்றம் செய்தாலும் நம் குற்றவியல் சட்டம் பின்னால் வரும். வரியும் வரும். 2020-ன் நிதிச் சட்டம் ஒரு புது விதி கொண்டுவந்தது: வேறு எந்த நாட்டிலும் வரி செலுத்தும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனுக்கு, வெளிநாட்டு வருமானம் நீங்கலாக மற்ற வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால், அவர் இந்தியாவில் வசிப்பவராகவே கருதப்படுவார். பார்ஜில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த விதி அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்தும்.

"சீலாண்ட் மட்டும் எப்படி நிற்கிறது?" என்று நிச்சயம் கேட்பீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தன் கிழக்குக் கரையைக் காக்கக் கடலில் கோட்டைகள் கட்டியது. போர் முடிந்ததும் கைவிட்டது. அதில் ஒன்றில் முன்னாள் ராணுவ மேஜர் பேடி ராய் பேட்ஸ் 1967-ல் குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்து சீலாண்ட் நாடு என்று அறிவித்தார். அப்போது பிரிட்டனின் கடல் எல்லை வெறும் 3 மைல். கோட்டை அதற்கு வெளியே. 1968-ல் அங்கிருந்து துப்பாக்கி வெடித்த வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, இது எங்கள் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது என்று நீதிபதி சொல்லிவிட்டார். அதைத்தான் அரை நூற்றாண்டாக எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறோம். 1987-ல் பிரிட்டன் தன் எல்லையை 12 மைலாக நீட்டிவிட்டது, கோட்டை இப்போது உள்ளே இருக்கிறது, ஒரு நாடுகூட அதை அங்கீகரிக்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. இன்னொன்றும் உண்டு. அது மிதக்கவில்லை. ஒரு பேரரசு தன் போர்ச் செலவில் கடல் தரையில் ஊன்றிய இரண்டு கான்கிரீட் தூண்கள் மேல் நிற்கிறது. அப்படி ஒரு தூண் நமக்காக வங்கக் கடலில் காத்திருக்கவில்லை.

அதே காலத்தில் இத்தாலியில் ஜோர்ஜியோ ரோசா என்ற பொறியாளர் ரிமினி நகருக்கு எதிரே, அன்றைய 6 மைல் எல்லைக்குச் சற்று வெளியே, 400 சதுர மீட்டர் மேடை கட்டினார். 1968-ல் ரோஸ் தீவு என்று அறிவித்து, எஸ்பெராண்டோவை ஆட்சிமொழியாக்கி, தபால்தலைகூட வெளியிட்டார். கட்டுமானம் உண்மையிலேயே நல்ல வேலை. ஒரு பொறியாளனாக அந்த மனிதரை நான் மதிக்கிறேன். 1969-ல் இத்தாலியக் கடற்படை வெடிவைத்துத் தகர்த்தது. 1972-ல் பசிபிக்கில் மினர்வா என்ற பவளத்திட்டில் மணலைக் கொட்டி மேடாக்கிக் குடியரசு அறிவித்தார்கள், அமெரிக்கப் பணக்காரர் ஒருவரின் ஆதரவோடு. அதே வருஷம் டோங்கா மன்னர் ஆள்படையோடு வந்து தன் கொடியை ஏற்றினார். கதை முடிந்தது.

உங்கள் திட்டத்துக்கு மிக நெருக்கமானது 2019-ல் தாய்லாந்தில் நடந்தது. ஒரு அமெரிக்கரும் அவருடைய தாய்லாந்துத் துணைவியும் புக்கெட் தீவுக்கு வெளியே, 12 மைலைத் தாண்டி, எண்கோண வடிவ மிதக்கும் அறை ஒன்றில் குடியிருந்தார்கள். தனி நாடு என்று அவர்கள் அறிவிக்கக்கூட இல்லை. அரசுகளின் பிடிக்கு வெளியே வாழ்கிறோம் என்ற பேச்சுதான். தாய்லாந்து அரசு அதை நாட்டின் இறையாண்மைக்கு எதிரான குற்றமாக எடுத்துக்கொண்டது. அந்தக் குற்றத்துக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு. கடற்படை போய்ச் சேருவதற்குள் இருவரும் தப்பிவிட்டார்கள். வீட்டைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். ஒரே ஒரு அறை, இரண்டே பேர். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. அந்தப் பேச்சுதான் தொந்தரவு.

நம் ஊர்க்காரர்களுக்கு நித்யானந்தா அறிவித்த கைலாசா என்ற 'நாட்டின்' பெயர் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நூவர்க் நகரம் 2023 ஜனவரியில் அதோடு சகோதர நகர ஒப்பந்தம் போட்டது. விவரம் தெரிந்ததும் ரத்து செய்தது. காகிதமும் கொடியும் இணையதளமும் இருந்தால் ஒரு நாள் கூத்துக்குச் சிலர் ஏமாறலாம், அவ்வளவுதான்.

இனி கடல். எனக்குத் தெரிந்ததும் நான் அக்கறைப்படுவதும் இதுதான்.

சோலார், குடிநீர், இணையம் மூன்றைப் பற்றியும் நிறையக் கணக்குப் போட்டிருப்பீர்கள். அவை பெரிய தலைவலி இல்லை. பெரிய ஆலைகளில் ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகிறது. சின்ன இயந்திரத்தில் கூடுதலாகும், ஆனாலும் எட்டுப் பேருக்குச் சமாளிக்கலாம். தலைவலி, பார்ஜை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பது.

76 மில்லிமீட்டர் கனமுள்ள நங்கூரச் சங்கிலி ஒரு மீட்டர் சுமார் 125 கிலோ எடை. அதன் ஒரு மீட்டர் துண்டைக்கூட நீங்கள் தனியாளாகத் தூக்கிவிட முடியாது. 3,000 மீட்டர் ஆழத்துக்கு நேராகத் தொங்கவிட்டால் ஒரு சங்கிலியே 375 டன். தண்ணீருக்குள் அந்த எடை கொஞ்சம் குறைந்தாலும், அது நங்கூரமாக இழுப்பதற்கு முன்னால் தன் பாரத்தாலேயே பார்ஜைக் கீழே இழுக்கும். அதனால்தான் ஆழ்கடல் எண்ணெய் மேடைகளில் நடுப்பகுதிக்குப் பாலியெஸ்டர் கயிறு போடுகிறார்கள். அதை இறக்குவதற்கென்றே தனிக் கப்பல் வேண்டும். ஒரு நாள் வாடகையைக் கேட்டாலே எட்டுப் பேரின் சேமிப்பு கரைந்துவிடும்.

அடுத்தது அலை. பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் ஏறக்குறைய 156 மீட்டர். அதன் ஆட்டம் தண்ணீருக்குள் 78 மீட்டர் ஆழம் வரை தெரியும். அதற்குக் கீழே அமைதி. கால்கள் ஆழத்தில் இறங்கிய எண்ணெய் மேடை ஆடாமல் நிற்பதன் ரகசியம் இது. 1962-ல் அமெரிக்கர்கள் ஃபிளிப் என்று ஒரு ஆராய்ச்சிக் கலம் கட்டினார்கள். 108 மீட்டர் நீளம். படுத்தபடி இழுத்துப் போய், நீர் நிரப்பி நிமிர்த்தினால் 90 மீட்டர் தண்ணீருக்குள் போய்விடும். மேலே மிஞ்சும் பகுதி அலையில் கம்பம் மாதிரி நிற்கும். தட்டையான பார்ஜ் இதற்கு நேர் எதிர். வருகிற ஒவ்வொரு அலையையும் அது முதுகில் வாங்கும். முதல் நாள் தாலாட்டு. மூன்றாம் நாள் டம்ளரை வைக்க ஈரத்துணி தேடுவீர்கள். இரண்டாம் வாரத்தில் யாரும் யாரோடும் சிரித்துப் பேச மாட்டீர்கள்.

பிறகு கொட்டலசு, கடலில் கிடக்கும் எதன் மேலும் ஒட்டி வளரும் சின்ன ஓட்டுயிர். நம் கடலில் சுத்தமான இரும்புத் தகட்டை இறக்கினால் சில வாரங்களில் அது ஒட்ட ஆரம்பித்துவிடும். ஆறு மாதம் கடலில் கிடந்த மிதவை ஒன்றை நாங்கள் மேலே தூக்கியபோது, கட்டைவிரல் தடிமனில் இறக்கிய கயிறு தொடை தடிமனில் வந்தது. மண்வெட்டியால் செதுக்கினோம். விரல் முட்டியெல்லாம் கீறல். அந்த வாடை மூன்று குளியலுக்கும் போகவில்லை. கொட்டலசு எடை கூட்டும், நீரோட்டத்தின் இழுப்பையும் கூட்டும், பெயின்டைப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் துரு. அலை நனைத்தும் காய்ந்தும் மாறிமாறிப் படுகிற, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள பகுதிதான் முதலில் ஓட்டையாகும். கப்பல்களை ஐந்து வருஷத்துக்கு இரண்டு முறை உலர்தளத்தில் ஏற்றி அடிப்பாகம் பார்க்கிறார்கள். உங்கள் நாட்டை எந்தத் துறைமுகத்தில் ஏற்றுவீர்கள்?

கழிவுநீரையும் யாரும் யோசிப்பதில்லை. சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 மைலுக்கு அப்பால் விடலாம். ஆனால் கப்பல் குறைந்தது மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நங்கூரமிட்ட பார்ஜ் ஓடாது. ஆக, முதல் நாளிலிருந்தே முறையான சுத்திகரிப்பு வேண்டும்.

சென்னைக்கு எதிரே மிதக்கும் நிலையம் ஒன்றை உண்மையிலேயே நிறுத்திக் காட்டியவர்கள் பள்ளிக்கரணையில் இருக்கிறார்கள். தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2007-ல் கரையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஒரு பார்ஜை நிறுத்தி, ஆழத்துக் குளிர்நீரைக் கொண்டு நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைச் சோதித்தது. வேலை செய்தது. ஆனால் நிலைத்து ஓடுவது 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் அமைத்தது போன்ற, நாளுக்கு 1 லட்சம் லிட்டர் தரும் சின்ன ஆலைகள்தான். அங்கே காலூன்ற நிலம் இருக்கிறது.

புயலைப் பற்றிப் புத்தகம் படிக்க வேண்டாம், பெசன்ட் நகர்க்காரர்களைக் கேளுங்கள். 2012 அக்டோபர் 31, நீலம் புயல். நங்கூரத்தில் நின்ற ஒரு எண்ணெய்க் கப்பல் இழுபட்டு வந்து கடற்கரையிலேயே தட்டி நின்றது. மறுநாள் நானும் போய் நின்றேன். கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் சிலர் உயிரோடு கரை சேரவில்லை என்று அதற்குள் தெரிந்துவிட்டது. அது முழுக் கப்பல், பயிற்சி பெற்ற ஆட்கள். ஓடும் கப்பலாவது புயல் பாதையிலிருந்து விலகிப் போகலாம். ஊன்றி நிற்கிற ஊர் எங்கே போகும்?

என் சொந்த அனுபவம் ஒன்று. பல வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில் எண்ணூருக்கு வெளியே பார்ஜில் ஒன்பது பேர், ஒரு வார வேலை. நான்காம் நாள் குடிநீர்த் தொட்டியில் உப்பு ஏறிவிட்டது. எங்கோ ஒரு தையல் விட்டிருந்தது. கரையிலிருந்து வர வேண்டிய படகு கடல் சரியில்லை என்று வரவில்லை. டீ போட்டுப் பார்த்தோம், வாயில் வைக்க முடியவில்லை. மாலையில் காசிமேட்டு விசைப்படகு ஒன்று பக்கத்தில் போனது. கையைக் காட்டிக் கூப்பிட்டோம். டிரைவர் மூன்று கேன் தண்ணீரைக் கயிற்றில் கட்டி அனுப்பினார். காசு நீட்டினேன். "கடல்ல தண்ணிக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா சார்?" என்றவர், வடக்கே பார்த்துவிட்டு, "வாடை ஏறுது. ராத்திரி இங்க நிக்காதீங்க" என்றார். நாங்கள் டக் என்கிற இழுவைப் படகை வரவழைத்துத் துறைமுகத்துக்குள்ளே போய்விட்டோம். விடிந்து வந்து பார்த்தால் நான்கு நங்கூரக் கயிற்றில் ஒன்று இல்லை.

மூன்று கேன் தண்ணீர், இழுத்துப் போக ஒரு டக், உள்ளே விட ஒரு துறைமுகம். அன்று எங்களைக் காப்பாற்றியவை இவை. நாடு என்று அறிவித்தாலும் 1554-க்குக் கூப்பிட்டால் கடலோரக் காவல்படை வரும். கடலில் உயிரைக் காப்பது எல்லோருக்கும் கடமை. உங்களைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பார்ஜை விட்டுவிடுவார்கள். அதைக் காப்பாற்ற இன்ஷூரன்ஸ் வேண்டும். 2020-ல் ஒரு குழு பழைய சொகுசுக் கப்பல் ஒன்றை வாங்கி, சடோஷி என்று பெயர் வைத்து, பனாமாவுக்கு எதிரே மிதக்கும் ஊராக்கப் போனது. கப்பல் நன்றாகத்தான் இருந்தது. காப்பீடு கிடைக்காமல் அந்த வருஷமே கைவிட்டார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் மிதக்கும் ஊர் முடியும் என்கிறேன்? அரசோடு சேர்ந்து செய்தவர்கள் ஓரளவு தூரம் போயிருக்கிறார்கள். மாலேவுக்கு அருகே காயலுக்குள் மாலத்தீவு அரசு டச்சு நிறுவனத்தோடு சேர்ந்து மிதக்கும் நகரம் திட்டமிட்டது. தென் கொரியாவின் பூசான் நகரத்துக்கு ஐ.நா. குடியிருப்பு அமைப்பின் துணையோடு 2022-ல் ஒரு வடிவமைப்பு வந்தது. 2002 முதல் 165 வீடுகளோடு ஒரு கப்பல் உலகைச் சுற்றுகிறது. குடியிருப்பவர்களே உரிமையாளர்கள், கொடி மட்டும் பஹாமாஸ். இவை எதிலும் இறையாண்மைப் பேச்சு இல்லை. பிரெஞ்சு பாலினேசியாவில் 2017-ல் அரசோடு போட்ட ஒப்பந்தமே உள்ளூர் மக்களின் எதிர்ப்பால் அடுத்த வருஷம் நின்றுபோனது. இருக்கிற மீனவர்களைக் கேட்காமல் தண்ணீரில் எதுவும் நிற்காது.

உங்களுக்குப் பிடித்தது சொந்தமாக விதி எழுதுவது என்றால், ஒரு நாள் பழவேற்காடு போய் வாருங்கள். அங்கே பாடு முறை என்று ஒன்று தலைமுறைகளாக இருக்கிறது. ஏரியில் இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் குறைவு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்பதைச் சுழற்சியாக, சீட்டுப் போட்டு, ஊரே தீர்மானிக்கிறது. தலைக்கட்டில் சேர்ந்தவருக்குப் பங்கு உண்டு. மீறினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். தண்ணீர் மேல் மனிதர்கள் எழுதிக்கொண்ட சட்டம் அது. கொடி இல்லாமலே நடக்கிறது. அங்கே பார்ஜ் கட்டப் போகாதீர்கள், அது பறவைகள் சரணாலயம். கேட்டுக்கொண்டு வந்தால் போதும். எட்டுப் பேரும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்துகொண்டு, அதே மாதிரித் துணைவிதிகள் எழுதலாம்: யார் எப்போது சமையல், யார் ராக்காவல், விலகினால் பணம் எப்படி, சண்டை வந்தால் யார் பேச்சு முடிவு.

செலவு கேட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் காசிமேட்டுக்கு வாருங்கள், விசைப்படகுகளைக் கரையேற்றி அடிப்பாகம் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஓனரிடம் கேளுங்கள்: சுரண்ட, வெல்டிங் வைக்க, பெயின்ட் அடிக்க, துருவைத் தடுக்கும் துத்தநாகக் கட்டி மாற்ற இந்த வருஷம் எவ்வளவு ஆனது? சதுர அடிக்கு எவ்வளவு என்று பிரித்து, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பார்ஜின் அடிப்பரப்பால் பெருக்குங்கள். பார்ஜின் விலை, நங்கூரம், காப்பீடு எதுவும் அதில் சேராது. வருஷா வருஷம் அது மிதந்துகொண்டிருப்பதற்கு மட்டும் ஆகும் பணம் அது.